கண்டோன்மென்ட் வெள்ளித்திரை – 9: காராப்பூர் பாகன் மகன்

சென்ற வாரம் சவுத் பரேடில், 1936-ல் எழுந்த பிளாசா தியேட்டர் வாசலில் நிறுத்தியிருந்தோம். காக்ஸ் டவுனிலிருந்தும் ஃபிரேசர் டவுனிலிருந்தும் அல்சூரிலிருந்தும் இங்கிலீஷ் படம் பார்க்கக் கிளம்பிப்போன தலைமுறையின் கதை அது. அவர்கள் பார்த்த முகங்களில் பெரும்பாலானவை லண்டனுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் சொந்தமானவை. ஒரு முகம் மட்டும் மைசூர்ச் சீமையின் முகம். கபினி ஆற்றங்கரையில் பிறந்து, 13 வயதில் உலகப் புகழ் பெற்று, 20 வயது நிறைவதற்குள் அமெரிக்கக் குடிமகனாகி, 39 வயதில் மறைந்த சாபுவின் முகம். இந்த வாரம் அவர் கதை.

அன்றைய வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிடுவோம். 1881-ல் மைசூர் ராஜ்யம் மீண்டும் உடையார்கள் கைக்குப் போனபோது, பெங்களூர் கண்டோன்மென்ட்டைப் பிரிட்டிஷார் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்' என்று அதற்குப் பெயர். மைசூருக்கான பிரிட்டிஷ் ரெசிடென்ட்டின் ஆட்சி. அங்கே கலெக்டராக இருந்த அலெக்சாண்டர் ரேங்கன் காக்ஸின் பெயரைத் தாங்கிய நம் காக்ஸ் டவுன் அந்த எல்லைக்குள் இருந்தது. மெட்ராஸ் ராணுவத்தோடும் ரயிலோடும் வந்து சேர்ந்த தமிழர்களின் ஊர் இது. சாபு பிறந்த காராப்பூரோ மகாராஜாவின் சீமை. அங்கே சினிமாக் கொட்டகை கிடையாது. யானைகள் இருந்தன.

கெத்தாக் காட்டின் பிள்ளை

ஹெக்கடதேவன்கோட்டை வட்டாரத்தில், கபினி நதிக்கரையில் இருக்கிறது காராப்பூர். பக்கத்திலேயே காக்கனகோட்டைக் காடு. காட்டு யானைக் கூட்டத்தைத் தாரை தப்பட்டையோடு விரட்டி, ஆற்றைக் கடக்க வைத்து, மரத்தூண்களால் கட்டிய பட்டிக்குள் அடைக்கும் கெத்தா வேட்டைக்கு அந்த இடம் உலகப் புகழ் பெற்றது. மைசூருக்கு வரும் வைஸ்ராய்களுக்கும் இளவரசர்களுக்கும் மகாராஜா காட்டும் பெருங்காட்சி அதுதான். பிடித்த யானைகளைப் பழக்கியெடுக்க அரண்மனையில் பாகர்கள் இருந்தார்கள். அப்படியொரு பாகனின் மகனாக 1924 ஜனவரி 27-ல் சாபு பிறந்தார்.

தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தவர். தந்தையும் போன பிறகு, அண்ணன் ஷேக் தஸ்தகீரைத் தவிர வேறு துணையில்லை. மைசூர் அரண்மனையின் யானைக் கொட்டாரமே வீடாயிற்று. யானையின் முன்காலில் மிதித்துத் தோளேறி, காதுக்குப் பின்னால் கால்விரலால் தட்டி, அந்தப் பெரிய உடம்பைத் திருப்பத் தெரிந்த பிள்ளை. பிற்காலத்தில் திரையில் உலகமே வியந்த அந்த லாகவம், நடிப்புப் பள்ளி எதுவும் கற்றுத்தந்ததல்ல. அது பாகர் வீட்டுக் கைத்தொழில்.

அப்போதுதான் ராபர்ட் ஃப்ளஹர்ட்டி மைசூர் வந்து இறங்கினார். 'நானூக் ஆஃப் தி நார்த்' (1922), 'மேன் ஆஃப் ஆரன்' (1934) ஆகிய படங்களால் ஆவணப்பட உலகின் முன்னோடியாகக் கொண்டாடப்பட்ட அமெரிக்கர். லண்டனில் ஸ்டுடியோ நடத்திய ஹங்கேரியர் அலெக்சாண்டர் கோர்டாவுக்காக, ரட்யார்ட் கிப்ளிங்கின் யானைப்பாகன் சிறுவன் கதையைப் படமாக்க 1935-ல் வந்திருந்தார். மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அரசு யானைகளையும் காட்டையும் திறந்துவிட்டது. கதைநாயகனான சிறுவன் டூமாய்க்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. தேடலில் இறங்கிய ஒளிப்பதிவாளர் ஆஸ்மண்ட் பொரடெய்ல் கண்ணில் பட்டவர்தான் கொட்டாரத்துச் சாபு.

ஃப்ளஹர்ட்டி அவசரப்படாத மனிதர். மாதக்கணக்கில் காட்டையும் யானையையும் ஆற்றையும் படமாக்கிக்கொண்டே இருந்தார். செலவு ஏறியது, லண்டனில் கோர்டாவின் பொறுமை குறைந்தது. தம்பி ஜோல்டன் கோர்டாவை அனுப்பிப் படத்தை முடிக்க முயன்றார். கடைசியில் கதைப் பகுதிகளை எல்லாம் லண்டனுக்கு அருகே டென்ஹாம் ஸ்டுடியோவில் எடுப்பது என்று முடிவாயிற்று. 1936-ல் சாபுவும் அண்ணன் தஸ்தகீரும் கப்பலேறினார்கள். படத்தில் சாபுவின் தந்தையாகவும் சக பாகனாகவும் வந்தவர்கள் தோலுக்குச் சாயம் பூசிய வெள்ளைக்கார நடிகர்கள். சாபு ஒருவர்தான் நிஜம்.

1937-ல் 'எலிஃபன்ட் பாய்' வெளியானது. வெனிஸ் திரைப்பட விழாவில் ஃப்ளஹர்ட்டிக்கும் ஜோல்டன் கோர்டாவுக்கும் இயக்கத்துக்கான விருது. ரசிகர்கள் நினைவில் நின்றதோ யானைமேல் சிரித்தபடி உட்கார்ந்திருந்த பையன். ஆங்கிலம் அரைகுறையாகவே தெரிந்த அந்தச் சிறுவனைத் தேடிக் கடிதங்கள் குவிந்தன. கோர்டா நீண்ட ஒப்பந்தத்தில் அவரை இறுக்கிக்கொண்டார்.

இரண்டு படங்கள், இரண்டு வரவேற்புகள்

அடுத்த படம் 'தி டிரம்' (1938). வடமேற்கு எல்லைப்புற இளவரசன் அஜீமாகச் சாபு. பிரிட்டிஷ் தளபதிகளைத் தன் மக்களின் கிளர்ச்சியிலிருந்து காப்பாற்றும் விசுவாசமான பிள்ளை. லண்டன் கைதட்டியது, இந்தியா கொதித்தது. பம்பாயில் தியேட்டர் முன் ஆர்ப்பாட்டங்கள் வெடித்தன, மெட்ராஸிலும் எதிர்ப்புக் கிளம்பியது, படத்துக்குத் தடை வந்தது. மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் ஆட்சியில் இருந்த காலம் அது. பேரரசின் பெருமை பேசும் கதைக்கு இங்கே இடமில்லை என்று மக்கள் சொன்னார்கள். அது நியாயமான கோபம். ஆனால் அந்தக் கோபத்தின் நடுவே நின்ற முகம், கதையை எழுதாத, தேர்ந்தெடுக்காத, 14 வயது அநாதைச் சிறுவனின் முகம் என்பதையும் சேர்த்துத்தான் நாம் இன்று நினைக்கவேண்டும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' (1940). சாபுவின் திரைவாழ்வின் சிகரம் இதுதான். லண்டனில் படப்பிடிப்பு நடக்கும்போதே இரண்டாம் உலகப் போர் மூண்டது. கோர்டா குழுவோடு அமெரிக்காவுக்குப் பெயர்ந்து, கிராண்ட் கேன்யன் பாறைகளைக் கதையின் நிலமாக்கி வேலையை முடித்தார். மைக்கேல் பவல், லுட்விக் பெர்கர், டிம் வீலன் என்று பெயர் பெற்ற இயக்குநர்களே மூவர். ஒளிப்பதிவு, கலை, விசேஷத் தந்திரக் காட்சிகள் என மூன்று ஆஸ்கார்கள்.

காதலிக்கும் இளம் அரசனாக ஜான் ஜஸ்டின் நடித்தார். படத்தைத் தூக்கிச் சுமந்தவர் திருட்டுப் பையன் அபுவாக வந்த சாபு. குடுவையிலிருந்து கிளம்பும் பூதத்தை வார்த்தையால் மடக்கி மீண்டும் குடுவைக்குள் அனுப்பும் காட்சியில், மலைபோல் நின்ற ரெக்ஸ் இங்கிரமுக்கு எதிரே ஒரு பொடியன் கண்ணாலும் குரலாலும் சமமாக நிற்கிறான். 1992-ல் டிஸ்னி எடுத்த 'அலாதீன்' பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும்: அதில் வில்லன் பெயர் ஜாஃபர், குரங்கின் பெயர் அபு. இரண்டு பெயர்களும் இந்தப் படத்தின் வழியே போனவை.

1942-ல் 'ஜங்கிள் புக்'. மௌக்லி என்றால் இன்றும் பலருக்குச் சாபுதான். கலிஃபோர்னியாவில் போட்ட செயற்கைக் காட்டில் எடுத்த படம். மிக்லோஷ் ரோஷா இசை. அந்த இசையோடு சாபு கதை சொல்லும் கிராமஃபோன் இசைத்தட்டுகளும் வெளிவந்தன. பாகன் மகனின் குரல் அமெரிக்க வீடுகளின் கூடத்துக்குள் நுழைந்துவிட்டது.

பிறகு யுனிவர்சல் ஸ்டுடியோ ஒப்பந்தம். 'அரேபியன் நைட்ஸ்' (1942), 'ஒயிட் சாவேஜ்' (1943), 'கோப்ரா உமன்' (1944). மரியா மான்டெஸ் கதாநாயகி, ஜான் ஹால் கதாநாயகன், சாபு தோழன். வண்ணம் மின்னும், வசூல் கொட்டும். ஆனால் கூர்ந்து பாருங்கள்: 'எலிஃபன்ட் பாய்' படத்தில் கதையின் நடுவில் இருந்தவர், ஐந்தே ஆண்டுகளில் இன்னொருவரின் காதலுக்கு உதவி செய்யும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார். மீசை முளைக்கும் வயது வந்தும் ஹாலிவுட் அவருக்குக் கொடுத்தது வெற்று மார்பும் தலைப்பாகையும்தான். வெள்ளைக்காரப் பெண்ணைக் காதலிக்கும் இந்திய நாயகனைத் திரையில் காட்ட அந்தத் தொழிலுக்கு மனமில்லை. சிறுவனாக வந்தவரைச் சிறுவனாகவே வைத்துக்கொள்ளத்தான் அது விரும்பியது.

லிபரேட்டரின் வால்பகுதியில்

வாழ்க்கை அவரை அப்படி வைத்திருக்கவில்லை.

1923-ல் பகத்சிங் திண்ட் வழக்கில், இந்தியர்கள் அமெரிக்கக் குடிமக்களாகத் தகுதியற்றவர்கள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1946-ல் லூஸ்–செல்லர் சட்டம் வரும்வரை அந்தக் கதவு பூட்டியே இருந்தது. படைவீரர்களுக்கு மட்டும் போர்க்காலச் சட்டம் ஒரு வழி விட்டிருந்தது. சாபு 1944 ஜனவரியில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். ராணுவ விமானப்படையில் பணியாற்றினார். ஸ்டுடியோ விளம்பரத்துக்காகச் சீருடை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடவில்லை. பசிபிக் முனையில் 307-வது குண்டுவீச்சுப் படைப்பிரிவில், பி-24 லிபரேட்டர் விமானங்களின் வால்பகுதியில் துப்பாக்கி வீரராகப் பறந்தார். கடலுக்கு மேலே நெடுந்தூரம் பறக்கும் டஜன்கணக்கான தாக்குதல்கள். எதிரி விமானம் பின்னால் வந்தால் முதலில் குண்டு பாயும் இடம் அந்த வால்பகுதி. போரின் முடிவில் அவர் மார்பில் டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் கிராஸ் பதக்கம் இருந்தது.

இந்த இடத்தில் நம் ஊர் கதைக்குள் வருகிறது. வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு 1940-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை (எச்.ஏ.எல்.), 1943-ல் அமெரிக்க ராணுவ விமானப்படையின் பொறுப்புக்குப் போனது. 84-வது ஏர் டிப்போ என்ற பெயரில் அங்கே போர் விமானங்கள் பழுது பார்க்கப்பட்டன. அமெரிக்கச் சிப்பாய்கள் கண்டோன்மென்ட் தெருக்களில் நடமாடினார்கள். சவுத் பரேடு தியேட்டர்களில் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். மைசூர்ச் சீமைப் பிள்ளை ஒருவர் அதே படையின் சீருடையில் பசிபிக்கில் இருந்த காலமும் அதுதான்.

போர் முடிந்த பிறகும் தொடர்பு அறவில்லை. பிரிட்டிஷார் கான்பூரில் குப்பையாக விட்டுச் சென்ற லிபரேட்டர்களை 1948-ல் தொடங்கி மீட்டெடுத்து, பெங்களூருக்குப் பறக்கவைத்து, இந்திய விமானப்படைக்குப் புதுக்கிக் கொடுத்தது நம் எச்.ஏ.எல். சாபு பறந்த அதே ரக விமானம், 1960-களின் இறுதிவரை இந்தியாவின் சேவையில் இருந்தது. அதை நிமிர்த்தியவை பெங்களூர்த் தொழிலாளர்களின் கைகள்.

திரும்பி வந்தவருக்குக் கிடைத்தது

போர்க்களத்திலிருந்து வந்தவருக்கு 1947-ல் ஒரு நல்ல படம் கிடைத்தது. மைக்கேல் பவலும் எமெரிக் பிரஸ்பர்கரும் எடுத்த 'பிளாக் நார்சிசஸ்'. இமயமலை உச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கு, பட்டும் நகையும் வாசனைத் தைலமுமாகப் படிக்க வரும் இளம் தளபதியாகச் சாபு. முதன்முறையாக வளர்ந்த ஆண், முதன்முறையாகக் காதல். காதலியாக வரும் மலைப்பெண் வேடத்தில் ஜீன் சிம்மன்ஸ், வழக்கம்போல் சாயம் பூசிக்கொண்டு. இமயமலையும்கூட இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டுடியோவில் வரைந்ததே. ஆனால் படம் கலை. சாபுவின் நடிப்பில் குறும்பும் கூச்சமும் கண்ணியமும் கலந்து வருகின்றன. வாய்ப்பிருந்தால் அவர் எப்படிப்பட்ட நடிகராக வளர்ந்திருப்பார் என்பதற்குச் சாட்சி அந்தச் சில காட்சிகள்.

அந்த வாய்ப்பு மறுபடி அதிகம் வரவில்லை. ஜிம் கார்பெட்டின் புத்தகப் பெயரைத் தாங்கிய 'மேன்-ஈட்டர் ஆஃப் குமாவோன்' (1948), 'சாங் ஆஃப் இந்தியா' (1949), 'சாவேஜ் டிரம்ஸ்' (1951) எல்லாம் மறுபடி காட்டுக்குள்ளேயே. 1948-ல் நடிகை மரிலின் கூப்பரை மணந்தார். லண்டன் ஹாரிங்கே சர்க்கஸில் யானைகளோடு மேடையேறினார். இத்தாலி போய் விட்டோரியோ டி சிகாவோடு 'ஹலோ எலிஃபன்ட்' (1952) என்ற நகைச்சுவைப் படத்தில் நடித்தார்; அங்கேயும் தலைப்பிலேயே யானை.

அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி பரவிய 1950-களில், சாபுவை வைத்துத் தொடர் எடுக்கும் முயற்சிகள் நடந்தன. யானையும் காடுமாக ஒன்று, மந்திர மோதிரமும் அரபுக் கதையுமாக இன்னொன்று. இரண்டுமே வாராவாரம் ஓடும் தொடராகவில்லை. சோதனைக்காக எடுத்த அத்தியாயங்களை ஒட்டி 'ஜங்கிள் ஹெல்' (1956), 'சாபு அண்ட் தி மேஜிக் ரிங்' (1957) என்று தியேட்டர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். 33 வயதுக் குடும்பஸ்தர், போர்ப் பதக்கம் பெற்றவர், மறுபடி லாயப் பையனாக வேடம் கட்டினார்.

இந்தியாவிலிருந்தும் ஒரு கதவு தட்டப்பட்டது. மெஹபூப் கான் தன் கனவுப் படத்தில் பிர்ஜு வேடத்துக்குச் சாபுவைத்தான் முதலில் நினைத்தார். சாபு பம்பாய் வந்து ஹோட்டலில் தங்கிக் காத்திருந்தார். படப்பிடிப்பு தள்ளிக்கொண்டே போனது. அமெரிக்கக் குடிமகனான அவருக்கு இங்கே வேலை செய்யும் அனுமதி பெறுவதிலும் சிக்கல். ஏற்பாடு கலைந்தது. 1957-ல் வெளியான 'மதர் இந்தியா'வில் பிர்ஜுவாக வந்த சுனில் தத் நட்சத்திரமானார். கோபமும் பாசமும் கொப்பளிக்கும் அந்த வேடம் சாபுவுக்குக் கிடைத்திருந்தால், தாயகம் அவரை வேறு விதமாக நினைவில் வைத்திருக்கும். கடைசிவரை ஒரு இந்தியப் படத்தில்கூட அவர் நடிக்கவில்லை.

1960 இரண்டு செய்திகளைத் தந்தது. ஹாலிவுட் புகழ்நடைபாதையில் அவர் பெயர் பொறித்த நட்சத்திரம் பதிக்கப்பட்டது. தந்தை ஸ்தானத்தில் இருந்து கடல்கடந்து கூட வந்த அண்ணன் ஷேக் தஸ்தகீர், கலிஃபோர்னியாவில் இருந்த தங்கள் மரச்சாமான் கடையில் நடந்த கொள்ளையில் கொல்லப்பட்டார்.

சினிமா மறுபடி மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. ராபர்ட் மிச்சமோடு 'ராம்பேஜ்' (1963), அடுத்து டிஸ்னியின் 'எ டைகர் வாக்ஸ்'. அந்தப் படம் வெளிவருவதை அவர் பார்க்கவில்லை. 1963 டிசம்பர் 2-ல் லாஸ் ஏஞ்சலஸ் சாட்ஸ்வொர்த் வீட்டில் மாரடைப்பால் காலமானார். நாற்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. மகன் பால் சாபு ராக் இசைக்கலைஞரானார். மகள் ஜாஸ்மின் திரைப்படங்களுக்கு மிருகங்களைப் பழக்கும் தொழிலை எடுத்துக்கொண்டார். கொட்டாரத்தில் தொடங்கிய கைத்தொழில் ஒரு தலைமுறை தாண்டி ஹாலிவுட்டிலும் தொடர்ந்தது.

காக்கனகோட்டையில் கடைசிக் கெத்தா 1971-ல் நடந்தது. 1974-ல் கபினி அணை நிரம்பியபோது அந்த வேட்டைக் களத்தின் பெரும்பகுதி தண்ணீருக்குள் போயிற்று. காராப்பூரில் மகாராஜாவின் பழைய வேட்டை மாளிகை இன்று வனச் சுற்றுலா விடுதி. வார இறுதிதோறும் பெங்களூர்க் கார்கள் அங்கே யானை பார்க்கப் போகின்றன. காக்ஸ் டவுன் குடும்பங்களும் போகின்றன. ஹாலிவுட்டின் முதல் இந்திய நட்சத்திரம் பிறந்த ஊரில் நிற்கிறோம் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ராஜ்குமாருக்கும் ரஜினிக்கும் கட்-அவுட் வைத்துக் கொண்டாடிய நகரம் இது. சாபுவின் பெயரும் இங்கே பள்ளிப் பாடத்திலும் ஒரு சாலையிலும் இடம்பெற வேண்டும். அந்த உரிமை அவருக்கு உண்டு.

சாபு போன வழியில் எதிர்த்திசையிலும் போக்குவரத்து நடந்தது. யானையையும் புலியையும் தேடி அமெரிக்க நடிகர்கள் தென்னிந்தியாவுக்கு வந்தார்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் அமெரிக்கக் கூட்டோடு 1952-ல் எடுத்த 'தி ஜங்கிள்' படத்தில் ராட் கேமரூன், சீசர் ரொமெரோ, மரி விண்ட்சர் ஆகியோர் நடித்த கதையையும், தமிழ் பேசத் தெரியாமலே தமிழ்ப் படங்களை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அதில் வகித்த பங்கையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)